புதிதாக வந்த மரத்தவளை பழுப்பாகிவிட்டது, சாப்பிடவும் இல்லை: நோயா, புது இடமா?

பின்னால் படிப்பவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டொரண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறீர்கள். ஒன்பது வயது மகனுக்காகப் போன சனிக்கிழமை ஒரு கடையில் இரண்டு ஒயிட்ஸ் மரத்தவளைகள் வாங்கினீர்கள். 45 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கண்ணாடிப் பெட்டி, கீழே தேங்காய் நார்த்தூளும் பாசியும், ஒரு செடி, ஒரு தண்ணீர்க் கிண்ணம். கடையில் பச்சைப் பசேலென்று இருந்தவை இப்போது பழுப்பாகிவிட்டன. போட்ட பூச்சிகள் பத்தும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று மூடிக்குப் பக்கத்தில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே கிடக்கிறது, மற்றது கிண்ணத்துக்குப் பக்கத்தில் தரையில். மகன் தினமும் சாயங்காலம் கையில் எடுத்துப் பார்க்கிறான். பெட்டியைச் சின்னதாக மாற்று என்கிறார் ஒருவர், வாயைத் திறந்து ஊட்டு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேர் சொன்னதையும் செய்யாதீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது பெட்டியின் அளவைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன். இது நோயா, இடம் மாறியதால் வந்த அதிர்ச்சியா, அதைத் தவளையைத் தொடாமலே எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் உண்டு, ஆனால் ஒரே நாளில் கிடைக்காது. நான் விலங்கியல் படித்திருக்கிறேன். ஊர்வனவற்றையும் தவளைகளையும் பார்க்கும் ஒரு மருத்துவமனையில் பல வருடங்களாக உதவியாளராக இருக்கிறேன், வீட்டிலும் இதே இனத்தை வளர்க்கிறேன். மருத்துவர் இல்லை. ஆகவே நீங்கள் எழுதியதை வைத்து 'நோய் இல்லை' என்று உறுதி தர முடியாது. எது எதிர்பார்க்கக்கூடியது, எது இல்லை என்று மட்டும் சொல்ல முடியும்.

இந்த இனம் ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் கிழக்கிலும், நியூ கினியின் தென்பகுதியிலும் வாழ்வது. குவீன்ஸ்லாந்தில் தபால் பெட்டி, கூரையில் இருந்து வரும் மழைநீர்க் குழாய், கழிப்பறைத் தொட்டி என்று ஈரமும் இருட்டும் உள்ள இடங்களில் தானே வந்து குடியேறிவிடும். மனித நடமாட்டத்துக்கு இந்த அளவுக்குப் பழகிப்போகும் தவளைகள் குறைவு, முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதும் அதனால்தான். ஆனால் அந்தக் கழிப்பறையை அதுவேதான் தேடிப் பிடித்தது. உங்கள் பெட்டியை அது தேடி வரவில்லை. கடைத் தொட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பா, குளிர்காலக் கார்ப் பயணம், நாலு பக்கமும் ஆட்கள் தெரிகிற கண்ணாடி, தினமும் ஒரு முறை பிடிக்க வரும் கை: ஒரு வாரத்துக்குள் இத்தனையும் நடந்திருக்கின்றன. இப்படிப்பட்ட நேரத்தில் தவளையின் உடலில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும். அது ஏறினால் பசி குறையும், அப்படியே நீடித்தால் நோய் எதிர்ப்பும் குறையும். முதல் வாரத்தில் சாப்பிடாமல் இருப்பது இந்த இனத்தில் வழக்கமாகப் பார்க்கிற ஒன்றுதான்.

பழுப்பு நிறத்தைப் பார்த்து நிறையப் பேர் பயந்துவிடுகிறார்கள். இந்தத் தவளையின் தோலில் பச்சை நிறமி என்று தனியாக ஒன்று கிடையாது. மேலே மஞ்சள் நிறச் செல்கள், அதற்குக் கீழே நீல ஒளியைத் திருப்பி அனுப்பும் நுண்படிகங்கள் நிறைந்த செல்கள், அதற்கும் கீழே கருநிறச் செல்கள். மஞ்சளும் நீலமும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. ஜான் ஒயிட் என்ற அறுவை மருத்துவர் 1790இல் இந்த இனத்தை விவரித்தபோது, சாராயத்தில் ஊறிய தவளையின் மஞ்சள் கரைந்து போய் அது நீலமாக நின்றது. அறிவியல் பெயரிலும் நீலமே தங்கிவிட்டது. கருநிறச் செல்களில் உள்ள நிறமி பரவும்போது தவளை பழுப்பாகிறது. குளிர், மங்கலான வெளிச்சம், இருண்ட பின்னணி, பயம் எல்லாமே அதைப் பரவச் செய்யும். உங்கள் பெட்டியில் இவை நான்கும் இருக்க வாய்ப்புண்டு. பகலில் பழுப்பாகவும் ராத்திரி நடமாடும்போது பச்சையாகவும் இருந்தால் நிறத்தை மறந்துவிடுங்கள். நாள் முழுக்க, வாரக்கணக்கில் கரும்பழுப்பாகவே இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெப்பநிலையை.

நீங்கள் எழுதியதிலேயே என்னை உறுத்தியது அதுதான்: வெப்பமானி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 'வீடு கதகதப்பாகத்தான் இருக்கிறது' என்று மட்டும் சொல்கிறீர்கள். கனடாக் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டரை 20, 21 டிகிரியில் வைத்திருப்போம். நமக்கு அது போதும். தவளைக்கு உடல் சூடு வெளியில் இருந்துதான் வர வேண்டும். 20க்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகி, பூச்சி கண்முன்னே ஓடினாலும் திரும்பிப் பார்க்காது. பெட்டியின் மேல்பாதியில் பகலில் 26 முதல் 28 டிகிரி, கீழே அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு, ராத்திரி 20, 21 வரை இறங்கலாம். இதுதான் குறிக்கோள். குறைந்த வாட் விளக்கையோ, வெளிச்சம் தராத பீங்கான் ஹீட்டரையோ வலைமூடிக்கு மேலே, வெளியில் வையுங்கள். உள்ளே வைத்தால் தவளை அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டு வெந்துவிடும். கட்டாயம் தெர்மோஸ்டாட் வழியாகத்தான் இணைக்க வேண்டும். பெட்டிக்கு அடியில் வைக்கும் சூட்டுப் பாய் மரத்தவளைக்கு உதவாது, அது வாழ்வது மேலே. சூடு ஒரு மூலையில் மட்டும் இருக்கட்டும், மறு மூலை குளிர்ச்சியாக இருந்தால்தான் தனக்கு எது வேண்டுமோ அதை அது தேர்ந்துகொள்ளும்.

இந்தத் தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் அழகான ஆய்வு உண்டு. ஆஸ்திரேலியாவின் வடமண்டலத்தில், சார்லஸ் டார்வின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டது. மழையே இல்லாத வறண்ட மாதங்களில், குளிர்ந்த ராத்திரிகளில் இந்தத் தவளைகள் மரப்பொந்தை விட்டு வெளியே வந்து உட்காருகின்றன. உடல் சில்லிட்டதும் கதகதப்பான ஈரப் பொந்துக்குள் திரும்புகின்றன. வெளியில் இருந்து வீட்டுக்குள் வந்ததும் மூக்குக்கண்ணாடி பனித்துப் போகுமே, அப்படி அவற்றின் தோலில் நீர் படிகிறது; அதைத் தோல் உறிஞ்சிக்கொள்கிறது. இதில் இருந்து பெட்டிக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். தவளை தன் நீரையும் சூட்டையும் இடம் மாறி உட்கார்ந்துதான் சமாளிக்கிறது. பெட்டி முழுக்க ஒரே ஈரம், ஒரே சூடு என்றால் அது மாறி உட்கார இடமே இல்லை.

ஒரு நாளைக்கு நான்கு முறை தண்ணீர் தெளிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மழைக்காட்டுத் தவளை என்ற நினைப்பில் செய்கிறீர்கள் போல. இது செங்கண் மரத்தவளை மாதிரி எப்போதும் நனைந்த காட்டில் வாழ்வதில்லை. வறண்ட பருவம் வந்துபோகிற ஊர்க்காரத் தவளை. ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் போதும். சாயங்காலம் விளக்கு அணைக்கும் நேரத்தில் ஒரு முறை நன்றாகத் தெளியுங்கள். காலையில் தேவைப்பட்டால் லேசாக ஒரு முறை. நடுவில் இலையும் கண்ணாடியும் காய வேண்டும். நாள் முழுக்கக் கண்ணாடியில் நீர்த்துளி நின்றால் ஈரம் அதிகம், காற்றோட்டம் குறைவு என்று அர்த்தம், தோலில் பாக்டீரியா பிடிப்பதற்கு அது வசதி. அதே நேரம், ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று மிக வறண்டிருக்கும். வலைமூடி முழுக்கத் திறந்திருந்தால் பெட்டியும் சீக்கிரம் வறண்டுவிடும். மூடியில் பாதியை மறைத்துப் பாருங்கள். முள் சுற்றும் மலிவான ஈரப்பதமானிகளை நம்பாதீர்கள், சிறிய டிஜிட்டல் கருவி பெரிய விலை இல்லை.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். தவளை வாயால் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் குடிக்கிறது. கிண்ணத்தில் இருப்பது எதுவானாலும் நேராக உடம்புக்குள் போகும். 'குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி வைத்திருந்து ஊற்றுகிறேன்' என்கிறீர்கள். வெறும் குளோரின் என்றால் அது சரிதான், பறந்துவிடும். டொரண்டோ மாநகரத் தண்ணீரில் குளோரினோடு அம்மோனியாவும் சேர்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். அது ஒரு ராத்திரியில் போகாது. மீன் தொட்டிக்கு விற்கும் மருந்துகளில், குளோரமினையும் நீக்கும் என்று புட்டியில் எழுதியிருப்பதை வாங்கி, சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். 'எதற்கு வம்பு' என்று காய்ச்சி வடித்த நீரை ஊற்றுவதும் சரியில்லை. அதில் உப்புகளே இல்லாததால் தவளையின் உடலில் இருக்கும் உப்புச் சமநிலை பாதிக்கப்படலாம். கண்ணாடியில் தெளிப்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம், வெள்ளைக் கறை படியாது. கிண்ணம் தவளை முழு உடலோடு உட்காரும் அகலமும், தலை வெளியே தெரியும் ஆழமும் இருக்கட்டும். தினமும் மாற்றுங்கள். இவை பெரும்பாலும் தண்ணீரில்தான் கழிவு போகும், அந்த அழுக்கையே தோல் திரும்ப உறிஞ்சும்.

அப்புறம், மகனின் கை. குழந்தையைத் திட்ட வேண்டாம், ஆனால் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம், தவளையைத் தொடவே கூடாது. நம் கையில் உள்ள உப்பு, சோப்பு, கிரீம் எல்லாம் அதன் தோலுக்குள் போகும். தவளையின் தோலும் சும்மா இல்லை: இந்த இனத்தின் தோலில் இருந்து 1960களில் இத்தாலிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த கேருலின் என்ற பொருள், பித்தப்பையைச் சுருங்க வைக்கும் நம் குடல் ஹார்மோனைப் போலவே வேலை செய்கிறது. இது தவிர, தவளைகள் பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்துகொண்டே சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். பெட்டியைத் தொட்டாலும் கிண்ணத்தைக் கழுவினாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சமையலறைத் தொட்டியில் அந்தக் கிண்ணத்தைக் கழுவாதீர்கள். வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் பெட்டிப் பக்கமே விடாதீர்கள். கட்டாயம் எடுக்க வேண்டிய நேரத்தில், பவுடர் இல்லாத கையுறையைச் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டு எடுங்கள். மகனுக்கு வேறு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பெட்டியின் அளவு இரண்டு தவளைக்குச் சரியாகவே இருக்கிறது. சின்னதாக்கினால் பூச்சி கண்ணில் படும் என்பதுதான் அந்த யோசனையின் அடிப்படை. சிறு குஞ்சுகளுக்கு அது பொருந்தும். ஓரளவு வளர்ந்ததை இன்னொரு முறை இடம் மாற்றினால், கடந்த ஐந்து நாளில் பழகிய கொஞ்சமும் வீணாகிவிடும். அதற்குப் பதில் பின்பக்கத்தையும் இரு பக்கவாட்டையும் வெளியில் இருந்து காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். முன்பக்கத்திலும் கீழே ஒரு பட்டை ஒட்டலாம். கண்ணாடி என்பது தவளைக்குப் புரியாத பொருள். அந்தப் பக்கம் தெரிகிறதே என்று ராத்திரி முழுக்க மூக்கை முட்டிக்கொண்டே இருக்கும், மூக்கு நுனி புண்ணாகும், அதில் தொற்று பிடிக்கும். உள்ளே மேல்பாதியில் தக்கைப்பட்டைக் குழாய், தடித்த மூங்கில், அகல இலைச் செடி என்று ஒளிய இடம் இரண்டுக்கும் தனித்தனியாக வேண்டும். மணி பிளான்ட் தாராளமாகப் போதும், நர்சரியில் அடித்த பூச்சிமருந்து போக இலையை நன்றாகக் கழுவி, புது மண்ணில் நட்டு வையுங்கள். தரையில் உள்ள நார்த்தூளையும் பாசியையும் இப்போதைக்கு எடுத்துவிட்டு, வெள்ளைச் சமையலறைக் காகிதத்தை நனைத்து விரித்துவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் பூச்சியோடு பாசியை விழுங்கிக் குடல் அடைக்கும் ஆபத்து இருக்காது, கழிவு போயிருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். எனக்கு இந்த இரண்டாவது காரணம்தான் பெரிது.

உணவுக்கு வருவோம். கிரிக்கெட் என்று விற்கிறார்களே, நம்மூர் சுவர்க்கோழி, அதில் பத்தைப் போட்டு விடாதீர்கள். சாப்பிடாமல் மிஞ்சியவை பகலில் தூங்கும் தவளையைக் கடிக்கும். கால் விரல், கண்ணோரம் எல்லாம் புண்ணாகும். இன்றே அத்தனையையும் பிடித்து வெளியே எடுங்கள். விளக்கு அணைந்து அரைமணி கழித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு என்று நான்கு மட்டும் விடுங்கள், தவளையின் இரு கண்களுக்கும் இடையே உள்ள தூரத்தைவிட நீளமாக இருக்கக் கூடாது. காலையில் எண்ணுங்கள், மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். மறுநாள் விட்டுவிட்டு அடுத்த நாள் மறுபடி முயலுங்கள். வாயைத் திறந்து ஊட்டும் பேச்சே வேண்டாம். அதன் தாடை எலும்பு மெல்லியது, பிடித்து அழுத்துகிற பயம் வேறு. அது மருத்துவர் கையில் மட்டும், வேறு வழியில்லாதபோது செய்வது. வளர்ந்த, உடல் பருத்த தவளை இரண்டு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் தாங்கும். மூன்று நான்கு சென்டிமீட்டர் உள்ள குட்டி என்றால் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க மாட்டேன். உங்களுடையவற்றின் நீளத்தை நீங்கள் சொல்லவில்லை. இன்னொன்று, இரண்டும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒன்று மற்றதைவிடக் கணிசமாகப் பெரிதாக இருந்தால் பிரித்து வையுங்கள். வாயில் அடங்குவது எதுவானாலும் இவை விழுங்கும், கூட்டாளியையும் சேர்த்துத்தான்.

சாப்பிட ஆரம்பித்த பிறகு பூச்சியை வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுப்பதும், இடையிடையே வைட்டமின் ஏ உள்ள கலவையில் புரட்டுவதும் அவசியம். கால்சியம் குறைந்தால் தாடையும் கால் எலும்பும் வளையும். வைட்டமின் ஏ குறைந்தால் நாக்கில் பசை சுரக்கும் சுரப்பிகள் கெட்டுப்போய், பூச்சியைக் குறிபார்த்து நாக்கை வீசினாலும் ஒட்டாது. 'பாய்கிறது, ஆனால் பிடிக்க முடியவில்லை' என்று யாராவது சொன்னால் அதைத்தான் முதலில் நினைப்போம். உங்களுடையவை பாயவே இல்லை என்பதால் இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

சரி, தொடாமல் எப்படித் தெரிந்துகொள்வது? மகனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். தினமும் காலையில் வெப்பநிலை, ஈரப்பதம், இரண்டும் எங்கே உட்கார்ந்திருக்கின்றன, என்ன நிறம், காகிதத்தில் கழிவு உண்டா, கண்ணாடியில் ராத்திரி ஏறிய கால்தடம் உண்டா, பூச்சி எத்தனை மிச்சம் என்று எழுதட்டும். பழைய போன் இருந்தால் மங்கலான வெளிச்சத்தில் ராத்திரி ஒரு மணி நேரம் பதிவு செய்து பாருங்கள். தவளை பழகுகிறது என்பதற்கு நான் நம்பும் அடையாளம் பசிகூட இல்லை. பகலில் ஒரே இடத்தில், கைகால்களை உடலுக்கு அடியில் மடக்கி, கண்ணை மூடித் தூங்குவது, ராத்திரி எழுந்து ஊர் சுற்றுவது. மேலே ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்களே, அது அப்படித்தான் தூங்குகிறது என்றால் அந்தத் தவளையைப் பற்றி நான் கவலைப்படவே மாட்டேன். ஒரு நாள் அது முதுகை வளைத்து, வாயைத் திறந்து திறந்து மூடி, எதையோ விழுங்க முடியாமல் தவிப்பது போல இருக்கும். மூச்சுத் திணறுகிறது என்று எங்கள் மருத்துவமனைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதற்காகத்தான் என்று தோன்றும். பழைய தோலை உரித்துத் தானே தின்கிறது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

கிண்ணத்துக்குப் பக்கத்தில் தரையில் இருப்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். பகலில் வெட்டவெளியாகத் தரையில் உட்காருவது மரத்தவளையின் இயல்பு இல்லை. மேலே ஒளிய நல்ல இடம் இல்லாததாலோ, காற்று வறண்டு ஈரத்தைத் தேடி வந்ததாலோ இருக்கலாம், அப்படியானால் மேலே சொன்னவற்றைச் சரிசெய்த மூன்று நாளில் ஏறிவிடும். ஏறாமல் கால்களைப் பரப்பிக்கொண்டு கிடந்தாலோ, நாள் முழுக்கத் தண்ணீரிலேயே ஊறினாலோ, தொடையின் உட்புறமும் வயிறும் சிவந்தாலோ, உடல் ஊதினாலோ, தோல் ஓயாமல் உரிந்தாலோ, ஆசனவாயில் சதை வெளியே தெரிந்தாலோ, இடுப்பு எலும்பு துருத்தினாலோ காத்திருக்க வேண்டாம். இவற்றில் சில, கைட்ரிட் என்ற பூஞ்சை நோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். உலகெங்கும் தவளை இனங்களை அழித்த அதே பூஞ்சை, 1990களின் கடைசியில்தான் அடையாளம் காணப்பட்டது. தோலைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்துச் செய்யும் பரிசோதனையில் தெரிந்துவிடும், உரிய நேரத்தில் பிடித்தால் மருந்தும் உண்டு. இதனால்தான் பெட்டித் தண்ணீரையும் பழைய நார்த்தூளையும் தோட்டத்தில் கொட்ட வேண்டாம் என்கிறேன். ஒன்டாரியோவின் குளங்களில் அங்கேயே பிறந்து வளர்ந்த தவளைகள் இருக்கின்றன. தண்ணீரில் ப்ளீச் கலந்து கொஞ்ச நேரம் வைத்துக் கழிப்பறையில் ஊற்றுங்கள், நார்த்தூளைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

இதுவரை சொன்னதில் வெப்பம், தண்ணீர், தொடாமை, மிஞ்சிய பூச்சியை எடுப்பது ஆகியவற்றில் அனுபவசாலிகளிடையே சண்டை கிடையாது. சண்டை உள்ளவையும் உண்டு. புற ஊதா விளக்கு வேண்டுமா என்பது ஒன்று. ராத்திரி நடமாடும் விலங்குக்கு எதற்கு என்று ஒரு கட்சி, பகலில் வெளிச்சம் படும் கிளையில் இவை தூங்குவதைப் பார்த்ததில்லையா என்று மறுகட்சி. நான் குறைந்த வீரிய விளக்கு ஒன்றை, நிழலுக்கும் வழிவிட்டு வைக்கிறேன், பொடியில் உள்ள டி3யை மட்டும் நம்பியிருக்க எனக்கு மனமில்லை. ஆனால் இந்த வாரமே அதை வாங்கியாக வேண்டும் என்பதில்லை. வாங்கினால் வலைமூடிக்கு மேலே வையுங்கள், கண்ணாடி வழியாக அந்தக் கதிர் உள்ளே வராது. ராத்திரி சிவப்பு விளக்கு தவளைக்குத் தெரியாது என்று கடைக்காரர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. மிகக் குறைந்த வெளிச்சத்திலும் பார்க்கிற கண் அது. ராத்திரி இருட்டாகவே இருக்கட்டும், பகல் 12 மணி நேரம் வெளிச்சம். 'துணை இல்லாவிட்டால் ஏங்கிப்போகும்' என்று யாராவது மூன்றாவது தவளை வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். ஒன்றாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளும், துணை தேவை என்பதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டுப் பிறகு எது உதவியது என்று தெரியாமல் நிற்பவர்களை நிறையப் பார்க்கிறேன். இன்று சாயங்காலம் பூச்சியை எடுத்து, தண்ணீரை மாற்றி, காகிதத்தை ஒட்டி, பாசியை எடுத்துவிடுங்கள். பெட்டிக்குள் கை விடும் வேலை அத்தோடு முடியட்டும். நாளை வெப்பமானி வாங்கி அளந்து பார்த்து, தேவைப்பட்டால் மேலே சூடு கொடுங்கள். அதன்பிறகு தண்ணீர் மாற்றுவதும் பூச்சி விடுவதும் தவிர ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். பக்கத்தில் டிவி சத்தம், கதவு அடிக்கும் அதிர்வு இருந்தால் பெட்டியை நகர்த்த வேண்டாம், டிவியை நகர்த்துங்கள்.

இவை சாப்பிட ஆரம்பித்தாலும் இரண்டாவது வாரத்தில் தவளை பார்க்கும் மருத்துவரிடம் கழிவைக் கொடுத்துப் புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. நாய் பூனை மட்டும் பார்க்கும் இடங்களில் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள், போகும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பண்ணையில் பிறந்ததா, இந்தோனேசியாவில் காட்டில் பிடித்ததா என்று கடையில் விசாரியுங்கள். பிடித்து வந்தவற்றில் புழு அதிகம், பழகவும் கூடுதல் நாளாகும். காகிதத்தில் விழுந்த புதுக் கழிவை ஈரம் காயாமல் சின்ன டப்பாவில் போட்டு அன்றே கொண்டுபோக வேண்டும். தவளையைக் கொண்டுபோவதாக இருந்தால், மூடியில் துளையிட்ட டப்பாவில் ஈரக் காகிதம் விரித்து, காரைச் சூடாக்கிவிட்டுப் பிறகு வெளியே எடுங்கள். மகன் எழுதிய நோட்டையும் கொண்டுபோங்கள், மருத்துவர் முதலில் கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் பதில் அதில் இருக்கும். அதற்குள் கீழே இருக்கும் தவளை மேலே ஏறியதா, இரண்டின் நீளம் எவ்வளவு, மேலே வெப்பநிலை எவ்வளவு என்று இங்கே எழுதினால், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.